ஒற்றைக் கையால் வாசித்தவை

செவ்வாய், வியாழன், சனி.
ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரி, ஜன்னலோரக் கட்டில்.
இடது கையில் இரண்டு ஊசி;
நாலு மணி நேரத்துக்கு அந்தக் கை என்னுடையதில்லை.
உள்ளே போகும்போது என்னை நிறுத்துப் பார்க்கிறார்கள்.
நான் புத்தகத்தை நிறுத்துப் பார்க்கிறேன்.
எண்ணூறு பக்கம் எழுதியவர்
எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்
நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்.
அவரை வீட்டில் விட்டுவிட்டு வருகிறேன்.

இந்த ஐப்பசியில் முடித்தது மூன்று.
முடித்தது என்றும் சொல்லமுடியாது.

முதலாவது கொலைக்கதை.
ஜங்ஷனில் பழைய புத்தகக் கடையில் முப்பது ரூபாய்,
கடைசித் தாள் இல்லாததால் இருபது.
தோட்டக்காரன்மேல் எனக்குச் சந்தேகம்.
பக்கத்துக் கட்டில் கொம்பையா,
முன்னீர்பள்ளத்துக்காரர், லாரி ஓட்டியவர்,
ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை, நான் சொல்லக் கேட்டதுதான்.
மோட்டைப் பார்த்தபடி கொஞ்சநேரம் கிடந்துவிட்டு
"செத்தவளே செஞ்சிருப்பா அண்ணாச்சி" என்றார்.
சிரித்ததில் என் மெஷின் கத்தியது.
நர்ஸ் ஜெபசெல்வி ஓடி வந்து
இரண்டு பேரையும் ஒரே முறை முறைத்தாள்.
அதற்குப் பிறகு எவ்வளவு யோசித்தும்
அந்தக் கதைக்கு வேறு முடிவு வரவில்லை.

இரண்டாவது கவிதைகள். அறுபத்துநாலு பக்கம்,
கையில் இருப்பதே தெரியாது.
புரட்டினால் மழை, அடுத்த பக்கமும் மழை.
எந்த ஊர் மழை, எந்த மாசத்து மழை,
சாரலா, அடைமழையா, ஒன்றும் கிடையாது.
சும்மா மழை.
எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்.
காப்பி, ரசம், மாத்திரை விழுங்குவது எல்லாம் அதற்குள்.
இருபத்தேழாம் பக்கத்தில்
யாரோ வாயைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்க்கிறார்கள்.
நல்ல கவிதையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
அன்றைக்கு என் கணக்கில் ஒரு டம்ளர் கூடிப்போயிற்று.

மூன்றாவது நாவல்.
முப்பத்தொரு வருஷம் நில அளவையில் சங்கிலி பிடித்தவன் நான்.
நூற்றுப்பதினான்காம் பக்கத்தில் ஒருத்தி
கல்லிடைக்குறிச்சியில் வீட்டைவிட்டு இறங்கி
அரை மணி நேரத்தில், நடந்தே,
பாபநாசம் படித்துறையில் நிற்கிறாள்.
மூடிவிட்டேன்.
மனசு கேட்காமல் திறந்து
ஓரத்தில் குறித்து வைக்கலாமென்றால்
பிடிக்க ஒரு கை, எழுத ஒரு கை வேண்டும்.
ஜெபசெல்வியிடம் பேனா இருந்தது. சொன்னேன், எழுதினாள்:
'பன்னிரண்டு கிலோமீட்டருக்குக் குறையாது.'
எழுதியவள் புத்தகத்தைத் தரவில்லை.
நின்றபடியே அந்தப் பக்கத்தைப் படித்தாள்.
"அடி வாங்கிட்டுல்லா சார் நடக்கா.
அவளுக்கு எப்படித் தெரியும் தூரம்?"
என்று சொல்லிவிட்டு
நாலாவது கட்டிலுக்குப் பிரஷர் பார்க்கப் போனாள்.
அழிக்கச் சொல்லலாமா என்றிருந்தது.
பேனா மை.

வியாழக்கிழமை கொம்பையா கட்டிலில்
காதில் வயரோடு ஒரு சின்னப் பையன்.
"மதுரைக்கு மாத்திட்டாங்க" என்றாள் ஜெபசெல்வி,
டேப்பைக் கிழித்தபடி, என்னைப் பார்க்காமல்.
நான் மேலே கேட்கவில்லை.
வெளியே உண்மையாகவே மழை,
வடகிழக்கிலிருந்து, கொக்கிரகுளம் பக்கம் கறுத்துக்கொண்டு.

படித்துறையில் நின்றவளிடம் திரும்பிப் போனேன்.
குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி,
முழங்கை வழியே ஒழுக ஒழுகக் குடிக்கிறாள்.
அந்த வரியை நாலுதரம் படித்தேன்.
எழுதியவர்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

ஆனாலும் பன்னிரண்டா, பதின்மூன்றா?
அந்த ரோட்டில் ராத்திரி பகலாக வண்டி ஓட்டியவர்,
கொம்பையாவிடம் கேட்டிருக்கலாம்.